இடது ஓரம் ஒட்டிய தேதி

என் தங்கை மகன் மதுரையில் இரவுக்கடை நடத்துகிறான். சாயங்காலம் ஆறு மணிக்குப் பற்றவைத்த அடுப்பு விடிகாலை மூன்று வரை அணையாது. கொத்துப் பரோட்டாவின் தாளத்துக்கு நடுவே கைப்பேசிச் செயலி வழியாகவும் ஆர்டர் எடுக்கிறான். மாதம் முடிந்ததும் அந்தச் செயலிக்காரர்கள் கணக்கை ஒரு கோப்பாக அனுப்பிவிடுவார்கள். அதை எக்செல்லில் திறந்துவைத்துக்கொண்டு ஒருநாள் எனக்குப் போன் போட்டான்.

“மாமா, ஒரு பார்சல் போய்ச் சேர எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பார்க்கலாம்னு நினைச்சேன். சேர்ந்த நேரத்துல இருந்து ஆர்டர் வந்த நேரத்தைக் கழிச்சா ‘வேல்யூ’ன்னு ஏதோ திட்டுது.”

“தேதி கட்டத்துக்குள்ள எந்தப் பக்கமா ஒட்டிக்கிட்டு நிக்குது மாப்ள?”

“இடது பக்கம்.”

பாதி நோய் தெரிந்துவிட்டது. எக்செல் எழுத்தை இடது ஓரம் நிறுத்தும், எண்ணை வலது ஓரம் நிறுத்தும். நாமாக மாற்றிவைக்காத வரை இந்தப் பழக்கம் மாறாது. தேதி இடது ஓரம் ஒட்டியிருந்தால், பார்க்கத் தேதிபோல இருந்தாலும் எக்செல்லுக்கு அது வெறும் எழுத்து. ‘பரோட்டா’விலிருந்து ‘சால்னா’வைக் கழிக்கச் சொன்னால் எப்படித் திகைக்குமோ அப்படித்தான் இதற்கும் திகைக்கும். உடனே எல்லோரும் செய்வதையே அவனும் செய்திருந்தான். கட்டத்தின் வடிவத்தைத் ‘தேதி’ என்று மாற்றிப் பார்த்திருக்கிறான். அசையவில்லை. வடிவம் என்பது மேலே போடும் சட்டை. உள்ளே இருக்கும் ஆளை அது மாற்றாது.

உள்ளே இருக்க வேண்டிய ஆள் ஓர் எண். இது தெரியாமலே பலர் இருபது வருஷம் எக்செல்லில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிடுகிறார்கள். 1900 ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே வருகிறது எக்செல். அந்தக் கணக்கில் 1947 ஆகஸ்ட் 15 என்பது 17394. 1950 ஜனவரி 26 என்பது 18289. கழித்தால் 895. சுதந்திரத்துக்கும் குடியரசுக்கும் நடுவே அத்தனை நாள். மாதத்துக்கு முப்பதா முப்பத்தொன்றா, நடுவில் லீப் வருஷம் வந்ததா என்று விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை. நேரமும் அப்படியே: ஒரு நாள் ஒன்று என்றால் நண்பகல் 0.5, மாலை ஆறு 0.75. தேதி முழு எண், நேரம் பின்னம், இரண்டும் ஒரே கட்டத்தில்.

கிழமைகூட இதற்குள் ஒளிந்திருக்கிறது. 17394ஐ ஏழால் வகுத்தால் மீதி 6. ஞாயிறை ஒன்று என்று எண்ணிக்கொண்டு போனால் ஆறாவது வெள்ளி. சுதந்திரம் வந்தது வெள்ளிக்கிழமைதான்.

தேதிக்கு இரண்டு முகம். ஒன்று பெயர், இன்னொன்று எண். ‘ஆகஸ்ட் 15’ என்பது பெயர். கொண்டாட, கல்லில் வெட்ட, பத்திரிகை அடிக்க அது போதும். கணக்குப் போடப் பெயர் உதவாது. ஃபார்முலாவில் தேதி எழுத்தைத் தேதி மதிப்பாக மாற்றுவது என்றால் பெயரை எண்ணாக்குவதுதான். இதைக் கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைத்தால் நம் பஞ்சாங்கக்காரர்கள் சிரிப்பார்கள்.

விழுப்புரம் பக்கம் தென்பெண்ணைக் கரையில் ஓர் ஊர். அதன் பெயரே கிராமம். முதலாம் பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தனிடம் படைத்தலைவனாக இருந்த கேரளத்து வெள்ளங்குமரன் அங்கே சிவன் கோயிலைக் கல்லால் எழுப்பினான். அந்தக் கோயில் கல்வெட்டு, மன்னனின் ஆட்சி ஆண்டு, கலியுக ஆண்டு 4044 என்பவற்றோடு நிற்கவில்லை. கலியுகம் பிறந்ததிலிருந்து எத்தனையாவது நாள் என்பதையும் சொல்கிறது: 14,77,037. ஜூலியன் நாட்காட்டிக் கணக்கில் அது கி.பி. 943 ஜனவரி 14. கலியுகம் பிறந்ததாகக் கொள்ளும் நாள் வெள்ளிக்கிழமை. 14,77,037ஐ ஏழால் வகுத்தால் மீதி 2. வெள்ளிக்கு அடுத்தது சனி. அந்த ஜனவரி 14 சனிக்கிழமைதான். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வெயில் மழையில் கிடந்த கல்லின் கணக்கு இன்றைக்கும் ஒரு நாள் பிசகாமல் நிற்கிறது.

இந்த எண்ணுக்கு வானியலில் அகர்கணம் என்று பெயர்; நாட்களின் கூட்டம் என்று பொருள். வாக்கியப் பஞ்சாங்கம் கணிப்பவரின் முதல் வேலையே இதுதான். அகர்கணம் கையில் வந்த பிறகுதான் சந்திரனைத் தேட முடியும். 1825இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலித’ என்ற நூலில் ஜான் வாரன் ஒரு காட்சியைப் பதிவுசெய்திருக்கிறார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், எழுதுகோல் தொடாமல் தரையில் சோழிகளை வைத்து நகர்த்திக்கொண்டே, அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லிச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். சோழிகள்தாம் அவருடைய கட்டங்கள். ஃபார்முலா நாக்கில் இருந்தது.

எக்செல்லின் எண்ணையும் கலி நாளையும் இணைப்பது சுலபம். 1900 மார்ச்சுக்குப் பிந்திய எந்தத் தேதியின் எக்செல் எண்ணோடும் 18,26,554ஐக் கூட்டினால் கலி நாள் கிடைத்துவிடும். சுதந்திர நாள் 18,43,948. விருப்பமுள்ளவர்கள் ஏழால் வகுத்துப் பார்க்கலாம். மீதி ஒன்று, கலியுகத்தின் முதல் நாளைப் போலவே வெள்ளி.

மார்ச்சுக்குப் பிந்திய என்று ஏன் சொன்னேன்? அங்கே ஒரு பொய் இருக்கிறது. எக்செல்லில் 60 என்று அடித்துத் தேதி வடிவம் கொடுத்துப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படியொரு நாள் உலகத்தில் விடியவே இல்லை. நூறால் வகுபடும் ஆண்டு, நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 2000 லீப், 1900 இல்லை. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள், நான்கால் வகுபட்டால் லீப் என்ற எளிய விதியோடு நிறுத்திக்கொண்டது. அந்தக் காலக் கணினிகளின் குட்டி நினைவகத்தில் சுருக்கமான விதி என்பது லாபம். அதோடு 1900ஐ மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டால் 2099 வரை அந்த விதி தவறாது. பின்னால் வந்த எக்செல், லோட்டஸ் கோப்புகள் அப்படியே ஓட வேண்டும் என்பதற்காகத் தவற்றையும் சேர்த்தே சுவீகாரம் எடுத்துக்கொண்டது. விளைவு, எக்செல்லிடம் 1900 ஜனவரி 1 என்ன கிழமை என்று கேட்டால் ஞாயிறு என்கிறது. உண்மையில் அது திங்கள்.

இதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1992இல் எக்செல்லுக்குள் பேசிக் என்ற நிரல்மொழியைக் கொண்டுவரும் திட்டத்தை ஜோயல் ஸ்போல்ஸ்கி கவனித்துக்கொண்டிருந்தார். பேசிக்கின் தேதிக் கணக்கும் எக்செல்லின் தேதிக் கணக்கும் ஒன்றுபோல வருகின்றனவா என்று பார்த்தபோது, பேசிக் 1900 ஜனவரி 1க்குப் பதிலாக 1899 டிசம்பர் 31ஐ ஒன்று என்று எடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. யாரோ ஒரு புத்திசாலி தொடக்க நாளை ஒன்று பின்தள்ளி வைத்து, லோட்டஸின் பொய் நாளைப் பிரதி எடுக்காமலே 1900 மார்ச் முதல் இரு கணக்கும் பொருந்தும்படி செய்திருக்கிறார். பிறகு திட்டத்தை ஆய்வு செய்த கூட்டத்தில் பில் கேட்ஸ் தேதிகளைப் பற்றித்தான் கிடுக்கிப்பிடி போட்டார். 1900இன் ஜனவரி, பிப்ரவரி தவிர மற்றதெல்லாம் பொருந்தும் என்று ஸ்போல்ஸ்கி சொல்ல, கேட்ஸ் அதற்குமேல் தேதி பற்றிக் கேட்கவில்லை. இதை ஸ்போல்ஸ்கியே பிற்பாடு எழுதியிருக்கிறார். கூகுள் ஷீட்ஸும் இதே உத்தியோடுதான் 1899 டிசம்பர் 30ஐச் சுழியம் என்று வைத்திருக்கிறது.

பழைய மேக் கணினிகளின் எக்செல்லோ இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 1904 ஜனவரி 1இலிருந்து எண்ணியது. இரண்டுக்கும் இடைவெளி 1462. ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிய தேதிகள் எல்லாம் சரியாக நான்கு ஆண்டும் ஒரு நாளும் தள்ளி நின்றால் வேறெங்கும் தேட வேண்டாம், காரணம் இதுதான்.

எண் பக்கத்துக் கதை இவ்வளவு. தலைவலி முக்கால்வாசி பெயர் பக்கத்தில்தான். 04/07/2024 என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நமக்கு ஜூலை 4. அமெரிக்கருக்கு ஏப்ரல் 7. கணினியின் பிராந்திய அமைப்பில் எந்த நாடு தேர்வாகியிருக்கிறதோ அதன்படி எக்செல் தானாக முடிவெடுக்கும். கேட்கவும் செய்யாது, சொல்லவும் செய்யாது. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் நம் ஊர்த் தேதிகளைத் திறந்தால் நடப்பது இன்னும் மோசம். ஒவ்வொரு மாதத்திலும் முதல் பன்னிரண்டு தேதிகளில் நாளும் மாதமும் இடம் மாறி உட்காரும். வலது ஓரம், நல்ல பிள்ளைபோல. பதின்மூன்றிலிருந்து மேலே, அப்படியொரு மாதம் கிடையாதே என்று எழுத்தாகவே விட்டுவிடும். இடது ஓரம். ஆட்கள் இடது ஓரத்தில் நிற்பவற்றை மட்டும் திருத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். தவறு வலது ஓரத்தில் இருக்கிறது. 1/1, 2/2 போல இரண்டும் ஒன்றானவற்றைக் கழித்தால், ஓர் ஆண்டில் இப்படி இரு பொருள் தரும் தேதிகள் 132.

ஆண்டை இரண்டிலக்கத்தில் எழுதுபவர்களுக்குத் தனி தண்டனை உண்டு. 00 முதல் 29 வரை இரண்டாயிரத்துக்கு மேல், 30 முதல் 99 வரை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்பது எக்செல்லின் வழக்கம். 1928இல் பிறந்த பாட்டியின் பிறந்த தேதியை 12-08-28 என்று அடித்தால் பாட்டி இன்னும் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

இந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பு 1988இல் ஐஎஸ்ஓ 8601 என்ற தரத்தை வெளியிட்டது. ஆண்டு நான்கு இலக்கம், கோடு, மாதம் இரண்டு இலக்கம், கோடு, நாள் இரண்டு இலக்கம்: 2024-07-04. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் வரிசை. சீனரும் ஜப்பானியரும் கொரியரும் ஹங்கேரியரும் இந்த வரிசையில்தான் நாளை எழுதிவந்திருக்கிறார்கள், அவர்களுக்கு இது புதிதல்ல. நமக்கு முதலில் கொஞ்சம் இடிக்கும். ஆனால் இதன் அழகு ஒன்றைச் சொல்ல வேண்டும்: அகராதி வரிசையில் அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும். கணினிக்கு இது தேதி என்றே தெரிய வேண்டியதில்லை. என் புகைப்படக் கோப்புகளுக்கெல்லாம் இப்படித்தான் பெயர் வைக்கிறேன்.

நேரமும் சேர வேண்டுமானால் நடுவில் ஆங்கில ‘டி’ எழுத்து, பிறகு மணி, நிமிடம், விநாடி. கடைசியில் அது எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு. ‘இசட்’ என்றால் உலகப் பொது நேரம். கூட்டல் 05:30 என்றிருந்தால் இந்தியாவின், இலங்கையின் நேரம். கூட்டல் 08:00 என்றால் சிங்கப்பூர். மருமகனின் கட்டத்தில் இருந்தது இதுதான்: 2024-07-04டி20:15:00இசட்.

வெறும் 2024-07-04 மட்டும் என்றால் டேட்வேல்யூ என்ற ஒற்றைச் செயற்கூறு போதும். எழுத்தை விழுங்கி 45477 என்ற எண்ணைக் கக்கும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இப்போதுதான் சட்டை மாட்டும் வேளை. வடிவத்தைத் தேதியாக்கினால் ஜூலை 4 ஆகிவிடும். ஆனால் ‘டி’யும் ‘இசட்’டும் ஒட்டியிருந்தால் டேட்வேல்யூ கையை விரித்துவிடும். அங்கேதான் தரப்படுத்தலின் உண்மையான பலன் தெரிகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் நிச்சயம். முதல் பத்து எழுத்து தேதி, பதினொன்றாவது ‘டி’, பன்னிரண்டிலிருந்து எட்டு எழுத்து நேரம். ஊகமே தேவையில்லை, தையற்காரர் சாக்பீஸ் கோட்டில் வெட்டுவதுபோல வெட்டினால் போதும்:

=டேட்வேல்யூ(லெஃப்ட்(ஏ2,10)) + டைம்வேல்யூ(மிட்(ஏ2,12,8))

முதல் துண்டு 45477. இரண்டாவது, இரவு எட்டேகால் என்பதால், 0.84375. கூட்டினால் 45477.84375. வலது ஓரம்.

பிராந்திய அமைப்பு மேல் கொஞ்சமும் நம்பிக்கை இல்லாதவர்கள் டேட்வேல்யூவையும் தவிர்த்துவிட்டு, ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியே வெட்டி டேட் என்ற செயற்கூறிடம் கொடுப்பார்கள்: =டேட்(லெஃப்ட்(ஏ2,4), மிட்(ஏ2,6,2), மிட்(ஏ2,9,2)). எது ஆண்டு, எது மாதம் என்று நாமே சொல்லிவிடுவதால் எந்த ஊர்க் கணினியும் குழம்பாது. 20240704 என்று கோடில்லாமல் எட்டிலக்கமாக வருவதற்கும் வெட்டும் இடத்தை மாற்றிக்கொண்டால் இதுவே மருந்து. அந்த எட்டிலக்கம் எண்ணாகவே உள்ளே வந்து, வலது ஓரம் நின்று ஏமாற்றும். தேதிச் சட்டை போட்டால் கட்டம் முழுக்க வேலி அடைத்ததுபோல ‘#’ குறிகள் நிரம்பும். எக்செல்லின் நாட்காட்டி 9999 டிசம்பர் 31ஓடு முடிகிறது. அதன் எண்ணே 29,58,465தான். இரண்டு கோடிக்கு அது எங்கே போகும்?

டேட் செயற்கூறின் அளவுக்கு மீறிய இரக்ககுணத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பதின்மூன்றாம் மாதம் என்று கொடுத்தாலும் ‘தெரியாமல் சொல்லிவிட்டார்’ என்று அடுத்த ஆண்டு ஜனவரிக்குக் கொண்டுபோய்விடும். 2023 பிப்ரவரி 29 என்றால் சத்தமில்லாமல் மார்ச் 1 ஆக்கிவிடும். டேட்வேல்யூ அப்படியில்லை, இல்லாத நாளைக் கொடுத்தால் பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லும். என் வாக்கு முகத்துக்கு நேரே சொல்பவருக்குத்தான். கிராமம் கல்வெட்டின் நாளை எக்செல்லில் பதிவுசெய்யும் ஆசையில் ஒருமுறை 943, 1, 14 என்று டேட்டிடம் கொடுத்துப் பார்த்தேன். 2843 ஜனவரி 14 என்றது. 1900க்குக் குறைவான ஆண்டைக் கொடுத்தால் அதோடு 1900ஐக் கூட்டிக்கொள்ளும் பழக்கம் அதற்கு. சோழர் படைத்தலைவனை எதிர்காலத்துக்கு அனுப்பிய பெருமை எனக்கு.

மருமகனுக்குத் திரும்புவோம். வெட்டி ஒட்டிய பிறகு கழித்தல் நடந்தது. ஆனால் அவன் இன்னொன்றைக் கவனித்தான்.

“மாமா, ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு வந்த ஆர்டர் மாமா இது. அந்த அண்ணன் எனக்குத் தெரிஞ்சவரு. இதுல எட்டேகால்னு இருக்கு. தேதியும் ஒரு நாள் முந்தி.”

கடைசி எழுத்தை நாங்கள் வெட்டி எறிந்துவிட்டிருந்தோம். அந்த ‘இசட்’ வெறும் வால் இல்லை. உலகப் பொது நேரத்தில் ஜூலை 4 இரவு எட்டேகால் மணி என்றால் மதுரையில் ஜூலை 5 விடிகாலை ஒன்றேமுக்கால். எக்செல் கட்டத்துக்கு ஊரே கிடையாது. எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும், எந்த ஊர் நேரம் என்பதை நினைவில் வைப்பது நம் பொறுப்பு. ஃபார்முலாவின் கடைசியில் டைம்(5,30,0) என்று கூட்டச் சொன்னேன். 45478.0729 ஆயிற்று.

கூட்டல் 05:30 என்று முடியும் எழுத்தாக இருந்தால் இதைக் கூட்டக் கூடாது, ஏற்கெனவே கூட்டியாகிவிட்டது. கூட்டல் 08:00 என்றால் எட்டைக் கழித்து ஐந்தரையைக் கூட்ட வேண்டும். மதுரையின் ஒன்றேமுக்காலும் சிங்கப்பூரின் நாலேகாலும் உலகப் பொது நேரத்தின் எட்டேகாலும் ஒரே கணம்தான், எழுத்தாகப் பார்த்தால் மூன்று. அகராதி வரிசையே கால வரிசை என்று மேலே புகழ்ந்தேனே, அது எல்லாத் தேதியும் ஒரே ஊர் நேரத்தில் இருந்தால்தான் செல்லும்.

பின்னத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு விநாடி என்பது 86,400இல் ஒரு பங்கு. தசமத்தில் எழுதினால் முடிவே இல்லாமல் போகும். கணினி ஓரிடத்தில் நறுக்கித்தான் ஆக வேண்டும். அதனால் வெவ்வேறு வழியில் கணக்கிட்ட இரண்டு நேரங்கள், பார்க்க ஒன்றாக இருந்தும், ‘சமமா’ என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். விநாடிக்கு முழுமைப்படுத்திவிட்டு ஒப்பிடுவது நல்லது.

இவ்வளவு பாடுபட்டுத்தான் எழுத்தைத் தேதியாக்க வேண்டியிருக்கிறது என்றால், வேண்டாத இடத்தில் எக்செல் தானாகவே தேதியாக்கும் கொடுமை வேறு. மரபணு ஆய்வாளர்களைக் கேளுங்கள். ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்று சுருக்கப்பெயர் கொண்ட மரபணுக்கள் இருந்தன. பட்டியலில் அடித்ததும் மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாகிவிடும். எக்செல் பட்டியலோடு வெளியான மரபணுவியல் கட்டுரைகளில் ஐந்தில் ஒரு பங்கில் இப்படிப்பட்ட பிழைகள் இருப்பதாக 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். மென்பொருள் மாறுவதாக இல்லை. 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, அந்தப் பெயர்களையே ‘மார்ச்எஃப்1’, ‘செப்டின்2’ என்று மாற்றிவிட்டது. தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் தந்தது 2023இல்தான்.

மறுநாள் மத்தியானம் மறுபடியும் போன். குரலில் தூக்கக் கலக்கம்.

“மாமா, எல்லாம் வலது பக்கம் வந்துருச்சு. ஆனா கழிச்சா 0.0208னு வருது. அரை நிமிஷம்கூட இல்லையே, பரோட்டா என்ன பறந்தா போச்சு?”

“அதை 1440ஆல பெருக்கு. ஒரு நாளைக்கு அத்தனை நிமிஷம்.”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. கால்குலேட்டரைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“முப்பது நிமிஷம்,” என்றான். “சால்னா ஆறித்தான் போயிருக்கும்.”